எல்லைக்கு வெளியே ஓர் உலை

எனக்குக் கல்யாணமாகி, எங்கள் மலையிலேயே அரியூர் நாட்டு ஊர் ஒன்றிலிருந்து வாழவந்தி நாட்டு ஊருக்கு வந்த புதிதில், நானும் என் வீட்டுக்காரரும் தனியாகப் பேசிக்கொள்ள இருந்த ஒரே இடம் காட்டுக்குப் போகிற ஒற்றையடித் தடம்தான். அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் நடப்பேன். சண்டை, சமாதானம், கொஞ்சல், குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்ற யோசனை, எல்லாம் அவர் முதுகைப் பார்த்தபடிதான். நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் சொன்னால், அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எதிரே யாராவது விறகுக்கட்டோடு வந்துவிட்டால் இரண்டு பேரும் அந்நியர்கள் போல ஆகிவிடுவோம்.

வீட்டில் பேச முடியாது. வீடு என்பது ஒரே அறை. மூங்கில் வரிச்சு கட்டி மண் பூசின சுவர், மேலே புல் கூரை, கூரைக்குக் கீழே சாமையும் தினையும் வைக்கிற பரண். அந்த ஓர் அறையில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். அடுப்போரம் என் மாமியார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஒரு பக்கச் சுவரை ஒட்டி என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் பெண்சாதி, அவர்களின் நாலு பிள்ளைகள். நான் அவர்களை மச்சாண்டார், மூத்தவள் என்று சொல்வேன். வாசலுக்குக் குறுக்கே என் கொழுந்தன். தானியக் குதிருக்குப் பின்னால் நானும் இவரும், நடுவில் எங்கள் பெண்குழந்தை. யாராவது இருமினால் யார் இருமியது என்று மற்ற பத்துப் பேருக்கும் தெரியும். நான் ஒருமுறை தூக்கத்தில் யாரையோ திட்டினேனாம். மறுநாள் அந்தப் பேச்சு ஓடைவரை போய்விட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. அந்தக் காலத்தில், ஐம்பதுகளின் கடைசியில், ஊர் முழுக்க இதே கதைதான். முன்பெல்லாம் மலைக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளையாவது கொண்டுபோகும். பிறகு சர்க்காரிலிருந்து மருந்து அடிக்கிறவர்கள் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி வந்தார்கள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுவரில் பீய்ச்சினார்கள். மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்ததால் பெண்களுக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம். இரண்டு மூன்று வருஷத்தில் காய்ச்சல் அடங்கியது. பிறந்த பிள்ளைகள் தங்கினார்கள். வளர்ந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆள் கூடிக்கொண்டே போனது, கூரை கூடவில்லை.

கூடாததற்குக் காரணம் உண்டு. ஊருக்கு நாலு திசையிலும் நாலு எல்லைக் கல் உண்டு. வருஷம் தோறும் திருவிழாவில் பூசாரி அந்த நாலு கல்லையும் சுற்றி வந்து எல்லை கட்டுவார். அதற்குள் சாமியின் காவல். அதற்கு வெளியே காடு. வெளியே பயிருக்குக் காவல் குடிசை போட்டுக்கொள்ளலாம், படுக்கலாம், நெருப்பு மூட்டிக் கிழங்கு சுட்டுத் தின்னலாம். அடுப்புக் கூட்டிச் சட்டி ஏற்றி உலை மட்டும் வைக்கக் கூடாது. உலை கொதித்தால் அது குடி. குடி இருந்தால் சாமி காவலுக்கு வந்தாக வேண்டும். எல்லைக்கு வெளியே வருகிறேன் என்று சாமி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் எல்லைக்குள் இருந்த முப்பது சொச்சம் வீடுகளும் இடித்துக்கொண்டு நின்றன. ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரை நனைக்கும், அதற்கு ஒரு சண்டை நடக்கும். புதிதாக ஒரு கால் ஊன்ற இடமில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு புருஷன் பெண்சாதி மாட்டுக் கொட்டிலில் குடியிருந்தார்கள். மாட்டை வெளியே கட்டிவிட்டு இவர்கள் உள்ளே படுத்தார்கள். மழைக்காலத்தில் மாடு குளிரில் கத்தும்போது அந்தப் பெண் எழுந்து போய் அதைத் தடவிக்கொடுத்து மன்னிப்புக் கேட்பாளாம். கல்யாணமான பிறகும் சாவடியில் படுத்த ஆண்கள் இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது என் கொழுந்தனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து கிழங்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினாலே போதும். பெண்ணின் அம்மா சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாய்களை எண்ணினார். பிறகு, புதுப்பெண் எங்கே படுக்கும் என்று நேராகவே கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பில்லை. என் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

மச்சாண்டார் உடனே, நடுவன் காவல் குடிசைக்குப் போய்க்கொள்வான் என்றார். நடுவன் என்றால் என் வீட்டுக்காரர். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் கால் பெருவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு நின்றார். எனக்கு வாய் நீளம் என்பது இரண்டு நாட்டுக்கும் தெரியும். ஆனால் வந்தவர்கள் முன்னால் என்ன பேசுவது?

காவல் குடிசை எங்கள் காட்டு மேட்டில் இருந்தது. கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். நாலு கால், மேலே புல், பக்கச் சுவர் கிடையாது. கொழுந்தன் கல்யாணத்துக்கு முன்பே இவர் மூங்கில் தட்டி கட்டி மூன்று பக்கம் மறைத்தார். முதல் சில நாட்கள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காற்று இருந்தது, நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மழை தொடங்கியதும்தான் எங்களுக்கு வீடில்லை என்பது உறைத்தது. சமையல் எல்லைக்குள் இருந்த எங்கள் பெரிய வீட்டில். அங்கே இப்போது ஒரே அடுப்புக்கு நாலு பெண்கள். என் முறை வரும்வரை காத்திருந்து, களியைக் கிண்டி, சட்டியில் எடுத்து, இடுப்பில் குழந்தையும் தலையில் சட்டியுமாகச் சேற்றில் வழுக்கி வழுக்கி மேடேறுவேன். வந்து சேரும்போது களி ஆறி விறைத்துப் போயிருக்கும். குழந்தை ஒரு வாய் வாங்கும், துப்பும். மறுபடி ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். மூன்று கல்லை வைத்து ஒரு சட்டியைச் சூடாக்க எனக்கு எத்தனை நேரமாகும்? கையெட்டும் தூரத்தில் விறகு கிடந்தது. ஆனால் செய்ய முடியாது.

ஒருநாள் தடத்தில் நடக்கும்போது இவர் முதுகிடம் சொன்னேன், உலை வைக்க உத்தரவு கேளுங்கள், இல்லாவிட்டால் நான் குழந்தையோடு அரியூர் நாட்டுக்கே போய்விடுகிறேன் என்று. அவர் நின்றார். திரும்பினார். அப்படியெல்லாம் போயிராத என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாளே ஊர்க்கவுண்டரிடம் போனார்.

ஊர்க்கவுண்டர் நல்ல மனுஷர், ஆனால் எதையும் மூன்று நாள் யோசிப்பார். எல்லைக்கு வெளியே குடி வைக்க இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டதில்லை என்பதால் கூடாது என்றும் இல்லை என்றார். கடைசியில் சாமியிடம் பூக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. செய்தி பரவியதும் மாட்டுக் கொட்டில்காரர்களும் சாவடியில் படுத்தவர்களும் எங்களைவிட ஆவலாகிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தால் அவர்களுக்கும் வழி திறக்கும்.

பூக் கேட்பது இப்படித்தான். கேட்கிற வீட்டுப் பெண்கள் காலையில் அரளிப் பூப் பறித்துக் கூடையில் கொண்டுவர வேண்டும், வெள்ளையும் சிவப்பும். அந்த வீட்டில் வயதில் மூத்த பெண் ஓடையில் முழுகி ஈரப் புடவையோடு வந்து உட்கார, மருமகள் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் அவர் ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் போடுவார். சின்னக் குழந்தை ஒன்று இரண்டில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை மூன்று தடவை கேட்கலாம். மூன்றாவதும் மறுத்தால் அதற்கப்புறம் அந்த இடத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

முதல் அமாவாசைக்கு மூத்தவளின் கடைக்குட்டிப் பெண் எடுத்தாள். சிவப்பு. இரண்டாவது அமாவாசைக்கும் அவள்தான் எடுத்தாள். அதுவும் சிவப்பு.

எனக்குச் சாமி மேல் கோபம் வரவில்லை. அத்தை மேல் வந்தது. நாங்கள் வெளியே குடி போவது என் மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. குடிசையில் படுப்பதற்கே அவர் முகம் சுண்டியது. உத்தரவு கேட்கிற பேச்சு வந்ததும், இருக்கிற இடத்தில் ஒடுங்கி இருக்கக் கூடாதா என்றார். இரண்டு தடவையும் பொட்டணம் மடித்தது அவர். திரையைப் பிடித்த நான் மரியாதைக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் சந்தேகம் வராது?

ஓடையிலிருந்து திரும்பும்போது கேட்டே விட்டேன்.

"ஏனுங்கத்தை, ரெண்டு பொட்டணத்துலயும் செவப்புத்தான் வெச்சீங்களா?"

அத்தை நின்றார். அறைவார் என்று நினைத்தேன். அவர் ஈரப் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் சொட்டி முடிந்த பிறகும் பிழிந்தார்.

"செவப்பு வரோணும்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு. அது நெசம். ஆனா மடிச்சது நேராத்தான் மடிச்சேன்."

பிறகு அவரே சொன்னார். அவருக்கு என் மச்சாண்டாருக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததாம், ஆண்பிள்ளை. அறுவடைக்காலத்தில் காவலுக்கு இதே மேட்டில் படுத்திருந்தபோது அதற்குக் காய்ச்சல் கண்டது. எல்லைக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் பிழைத்துவிடும் என்று மாமனாரும் அத்தையும் மாற்றி மாற்றித் தூக்கி ஓடிவந்திருக்கிறார்கள். கிழக்குக் கல்லைத் தாண்டும்போது பிள்ளையின் கை விறைத்திருந்ததாம். அன்று முதல் அத்தை அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. காட்டு வேலைக்குக்கூட மேற்குப் பக்கக் காட்டுக்குத்தான் போவார். நான் நாலு வருஷமாக இதைக் கவனித்ததே இல்லை. மேட்டுக் காட்டுக்கு வரச் சோம்பல் என்று நினைத்து, மூத்தவளோடு சேர்ந்து பேசிச் சிரித்தும் இருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டால் வீடு வந்துவிடுமா? அன்று மத்தியானமும் ஆறின களிதான், குழந்தை அன்றும் துப்பியது. குழந்தையின் முழங்கை எலும்பு என் விரலில் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. மூன்றாவது அமாவாசைக்கு இன்னும் பதினைந்து நாள், பத்து நாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சிவப்பு வந்தால் அவ்வளவுதான். எங்களுக்கும் கொட்டில்காரர்களுக்கும் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் வாய் அடைத்துப்போகும்.

அந்த அமாவாசைக் காலையில் பூப் பறிக்க நான் தனியாகத்தான் போனேன். வெள்ளை அரளியைப் பறித்தேன். சிவப்பு அரளிச் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை நீண்டது. பிறகு மடங்கிவிட்டது. கூடையில் வெள்ளையை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குச் சாமி பயம் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பிப் போய்ச் சிவப்பைப் பறிக்கவும் என்னால் முடியவில்லை.

திரையைப் பிடித்தேன். அத்தை ஈரப் புடவையோடு உட்கார்ந்து கூடையை இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை நான் தலையைத் திருப்பவில்லை. அவர் ஒரு வெள்ளைப் பூவை எடுத்து இலையில் வைத்தார். மறுபடி கையை விட்டார். பூவைப் புரட்டினார். அடிவரை கையை விட்டுத் துழாவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரைக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது. சாமியை ஏமாற்றியவள் என்று என்னை அன்றே அரியூர் நாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், யாரும் தடுத்திருக்க முடியாது. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கெஞ்சினேனா, முறைத்தேனா, இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது இலையிலும் வெள்ளைப் பூவை வைத்தார். இரண்டையும் பொறுமையாக மடித்து, நாரை இறுக்கி முடிந்து, திரைக்கு வெளியே போட்டார்.

மூத்தவளின் கடைக்குட்டிதான் இந்தத் தடவையும் எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. ஊர் முழுக்க எழுந்து கும்பிட்டது. கொட்டில்காரப் பெண் அழுதேவிட்டாள். இவர் என்னைத் தேடி எல்லார் முன்னாலும் சிரித்தார், அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எடுக்காத பொட்டணத்தை அத்தையே கொண்டுபோய் ஓடையில் விட்டார்.

எங்கள் பக்கம் வீடு கட்டுவதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு ஒரு மூங்கில், ஒரு கட்டுப் புல், ஓர் ஆள். காலையில் குழி தோண்டினால் பொழுது சாயும்போது கூரை வேய்ந்துவிடுவார்கள். மண் பூசுவது மட்டும் பிற்பாடு பெண்கள் பாடு. அன்றைக்கு முதலில் வந்தவர்கள் வீடில்லாதவர்கள்தான். கொட்டில்காரர் தனக்கே கட்டுவதுபோல் மாங்கு மாங்கென்று குழி தோண்டினார். ஊர்க்கவுண்டரும் தலையில் ஒரு புல்கட்டோடு வந்தார். அத்தை வரவில்லை. பெரிய வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்து, மூத்தவளிடம் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் நான் மூன்று கல் கூட்டி முதல் உலையை வைத்தபோது, அவர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று, கூரைப் புல்லுக்கு மேலே புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கூப்பிட்டார். கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

புது வீட்டில் நாங்கள் கொஞ்ச நாள் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டோம். கேட்க யாருமில்லை என்றாலும் பழக்கம் விடவில்லை. ஒருநாள் இவர் உப்பு எங்கே என்று சத்தமாகக் கேட்டார், கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது. சுடச்சுடக் களியை உருட்டி நெய்யில் தொட்டுக் கொடுத்தால் வாயைத் திறந்து அடுத்ததற்குக் காத்திருந்தது. அந்த மூன்று நாலு மாதம்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

இவர் முதல் நாள்தான் வாழைத்தார் சுமந்துகொண்டு காரவள்ளிக்கு இறங்கியிருந்தார். மத்தியானத்துக்குள் குழந்தை அனலாகிவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. மழை விடாமல் ஊற்றியது. எனக்கு வேறு எந்த யோசனையும் வரவில்லை. நான் திருடின உத்தரவு இது, அதற்குக் கூலி இது என்றுதான் தோன்றியது. அதே மேடு. அதே காய்ச்சல். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லைக்குள் ஓடிவிடலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

எதிரே அத்தை வந்துகொண்டிருந்தார். மாட்டைத் தேடி மேட்டுக்கு வந்த கொட்டில்காரப் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். சாக்கைத் தலைவழியாகக் கொங்காணி போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறாக வந்தவர், கிழக்குக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். நானும் வாசலில் நின்றேன். அவர் குனிந்து கல்லைத் தொட்டார். ஏதோ சொல்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார், மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கல்லைத் தாண்டினார். அதற்கப்புறம் நிற்கவில்லை.

உள்ளே வந்ததும் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இந்த மழையில் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் கெடுதல், உலையை வை என்றார். நான் வைக்கவில்லை. எல்லைக்குள் போய்விடலாம் என்றேன். நான் செய்த தப்புக்குக் குழந்தையைக் கேட்கிறது சாமி என்றேன். அன்றுதான் அந்தக் கூடையைப் பற்றி நாங்கள் இருவரும் முதல் தடவையாகப் பேசினோம்.

"பூப் பறிச்சது நீ. மடிச்சது நானு," என்றார் அத்தை. "கல்லுகிட்ட நின்னு அதைச் சொல்லிப்போட்டுத்தான் வாரேன். கணக்குக் கேக்கறதா இருந்தா மடிச்ச கையைக் கேளு, புள்ளைய உட்ருன்னு. நீ உலைய வையி கண்ணு."

வைத்தேன். மிளகும் துளசியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, அவர் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். வெந்நீரில் துணியை நனைத்து நான் துடைத்தேன். மறுநாள் இவர் காரவள்ளியிலிருந்து திரும்பி வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, வந்த காலோடு மறுபடி இறங்கிப் போய் மாத்திரை வாங்கி வந்தார். நாலாம் நாள் குழந்தைக்கு வியர்த்தது. கண்ணைத் திறந்து அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. கஷாயமா, மாத்திரையா, கல்லிடம் சொன்ன வார்த்தையா, எது காப்பாற்றியது என்று தெரியாமல் மூன்றையும் கும்பிட்டேன். அந்த நாலு நாளும் அத்தை எங்கள் வீட்டில்தான் படுத்தார். குழந்தையின் கை விறைக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்ததை நான் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன்.

எல்லைக்கு வெளியே காய்ச்சல் வந்த குழந்தை பிழைத்தது என்ற செய்தி ஊரில் வேலை செய்தது. அடுத்த மாதமே கொட்டில்காரர்கள் உத்தரவு கேட்டார்கள். அவர்கள் வீட்டில் வயதில் மூத்த பெண் யாருமில்லை. எங்கள் அத்தையின் கை ராசியான கை என்று அவரையே மடிக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. பிறகு சாவடியில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டில் மாமியார் இருந்தவர்களும் அவரை உட்காரவைத்துவிட்டு எங்கள் அத்தையைத்தான் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு முதல் தடவை சிவப்பு வந்தது, இரண்டாம் தடவை வெள்ளை வந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் முதல் தடவையே வெள்ளை. இரண்டு வருஷத்தில் எங்கள் மேட்டில் ஏழு அடுப்பு எரிந்தது. ஊர்க்கவுண்டர் வழக்கம்போல் மூன்று நாள் யோசித்து, கிழக்குக் கல்லைப் பெயர்த்து எங்கள் மேட்டுக்கு அப்பால் நடச் சொன்னார். பூசாரி மட்டும், சுற்றி வர நடை கூடிப்போனதே என்று முணுமுணுத்தார். மாடுகள் கொட்டிலுக்குள் திரும்பின.

எனக்குள் ஒரு கேள்வி மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இத்தனை குடும்பத்துக்கும் அத்தை என்ன மடித்தார்? மற்றவர்களின் திரையைப் பிடித்தது அவரவர் மருமகள்கள், நான் பார்க்கவில்லை. கேட்கவும் பயம். கேட்டால் நான் செய்ததும் கூடவே வரும்.

பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம், களத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். குழந்தை பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன், எல்லாருக்கும் வெள்ளையாகவே மடித்தீர்களா என்று.

அத்தை முறத்தை நிறுத்தவில்லை. அவங்களுக்கெல்லாம் நேராகத்தான் மடித்தேன், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, சாமி தானாகக் கொடுத்தது என்றார். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். அவர் முறத்தைத் தட்டி, காற்றில் பதரை விட்டு, மிளகை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"கூடைக்கு அடியில கையை உட்டுப் பாத்தேன் கண்ணு. ஒரு செவப்புகூட இல்ல. சாமிக்கே பயப்படாம இப்படிப் பறிச்சிருக்கறாளே, ஒரு ஊட்டுக்கு இவ எத்தன ஏங்கிப் போயிருப்பான்னு நெனச்சேன். உனக்கு மட்டுந்தான் பொய்யா மடிச்சேன்."

அந்த மிளகைப் புடைத்து முடிக்கும்வரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.